மஞ்சளேறிய கேம் பாய்க்குப் புதுக் கேசிங்

பினாங்கில் லோரோங் கூலிட் சந்தைக்குப் போவதென்றால் வெயில் ஏறுவதற்கு முன்பே போய்விட வேண்டும். நகர அரங்கத்தை ஒட்டி, தரையில் தார்ப்பாய் விரித்து, பழைய கைக்கடிகாரம், பித்தளைச் சாமான், ரேடியோ, சாவிக்கொத்து, கால் உடைந்த பொம்மை என்று எல்லாவற்றையும் பரப்பி வைத்திருப்பார்கள். மலாய் மொழியில் கூலிட் என்றால் தோல். அந்தப் பெயர் கொண்ட சந்தையில்தான், தோல் மட்டும் கெட்டுப்போன ஒரு கேம் பாயை, கையில் வைத்து ஆடும் பழைய வீடியோ கேம் கருவியை, வாங்கினேன். நான்கு பேட்டரி போட்டதும் உயிர் வந்துவிட்டது. திரையில் ஒரு கோடுகூட விடுபடவில்லை, ஒலியும் சுத்தமாக இருந்தது. கேசிங்தான், அதாவது வெளிக்கூடுதான், பார்க்கச் சகிக்கவில்லை. சாம்பல் நிறமாக இருக்க வேண்டிய முன்பக்கம் நன்றாகப் பழுத்த வாழைப்பழம் போல ஆகியிருந்தது. பேட்டரி மூடி மட்டும் பழைய சாம்பல் நிறத்திலேயே நின்றது.

வீட்டுக்கு வந்ததும் அம்மா கையில் வாங்கிப் பார்த்தார். "என்னடா இது, மஞ்சத்தண்ணி ஊத்தின மாதிரி இருக்கு?" என்றார்.

அந்த மஞ்சள் ஏன் வந்தது, அதை எப்படி எடுப்பது, எடுக்காமல் புதுக் கேசிங்கே போட்டுவிடலாமா, அல்லது பிடித்த நிறத்தைப் பூசிவிடலாமா? கையடக்க விளையாட்டுக் கருவிகளை வீட்டிலேயே அழகுபடுத்துகிறவர்கள் எல்லோரும் இந்தக் கேள்விகளோடுதான் தொடங்குகிறோம். வெளித்தோற்றம் மட்டும்தானே என்று கையில் எடுக்கிறோம். கொஞ்ச நாளில் பிளாஸ்டிக்கின் குணம், நம் ஊர்க் காற்றின் ஈரம், ஸ்க்ரூவின் பிடி எல்லாம் படிக்க வேண்டியதாகிவிடுகிறது. என் அனுபவத்தில் ஒரு விதிதான் எப்போதும் காப்பாற்றியிருக்கிறது: திருப்பி எடுக்க முடிந்த வேலையை முதலில் செய்ய வேண்டும், திருப்ப முடியாததைக் கடைசிக்குத் தள்ள வேண்டும்.

முதலில் இந்தக் கருவியைப் பற்றி. நிண்டெண்டோ என்ற ஜப்பானிய நிறுவனம் கேம் பாயை 1989 ஏப்ரலில் ஜப்பானில் வெளியிட்டது. அதை உருவாக்கிய குழுவின் தலைவர் குன்பேய் யோகோய். எல்லோருக்கும் நன்கு பழகிப்போன, விலை இறங்கிவிட்ட தொழில்நுட்பத்தை எடுத்து, யாரும் நினைக்காத வகையில் பயன்படுத்த வேண்டும் என்பது அவருடைய கொள்கை. அதனால்தான் வண்ணத் திரைக்கு ஆசைப்படாமல் நான்கே சாயல் காட்டும் 160-க்கு 144 புள்ளித் திரையை வைத்தார். கருவி மலிவாக இருந்தது, பேட்டரி நீடித்தது, கீழே விழுந்தாலும் தாங்கியது. கேம் பாயும் அதற்குப் பின் 1998-இல் வந்த கேம் பாய் கலரும் சேர்ந்து உலகம் முழுவதும் 11 கோடியே 80 லட்சத்துக்கும் மேல் விற்றன. முப்பது ஆண்டு கழித்தும் சந்தையில் கிடைப்பதற்கும், உதிரிப் பாகம் செய்து விற்க ஆள் இருப்பதற்கும் அந்த எண்ணிக்கைதான் காரணம். ஒரு நாட்டுக்கு விற்ற கார்ட்ரிட்ஜ் (விளையாட்டு அடங்கிய சிறு செருகுபெட்டி) இன்னொரு நாட்டுக் கருவியில் ஓடாது என்ற தடையும் இதில் கிடையாது. ஜப்பானிலிருந்து வந்த பழைய கருவியில் இங்கே கிடைக்கும் கார்ட்ரிட்ஜைச் செருகலாம்.

வளைகுடாப் போரின்போது ஒரு முகாம் தீப்பற்றி எரிந்ததில் ஒரு கேம் பாய் அகப்பட்டுக்கொண்டது. கேசிங் உருகிக் கருகி, பொத்தான்கள் உருக்குலைந்துபோயின. ஆனாலும் கருவி ஓடியது. நியூயார்க்கில் உள்ள நிண்டெண்டோ கடையில் பல ஆண்டுகள் அதைக் கண்ணாடிப் பெட்டிக்குள் ஓடவிட்டுக் காட்சிக்கு வைத்திருந்தார்கள். உள்ளே இருப்பதும் வெளியே இருப்பதும் எவ்வளவு தனித்தனி என்று காட்ட அதைவிட நல்ல சான்று எனக்குத் தெரியவில்லை. கேசிங் மாற்றும் வேலை முழுவதும் அந்தப் பிரிவை நம்பித்தான் நடக்கிறது. இரண்டு பாதிகள், ஸ்க்ரூக்கள், நடுவில் போர்டு என்ற மின்சுற்றுப் பலகை. பசை போட்டு ஒட்டிவைக்கும் இன்றைய கைப்பேசிகளைத் திறந்து பார்த்தவர்களுக்கு இதன் அருமை புரியும்.

நிறத்தின் மீதான ஆசையைத் தொடங்கிவைத்ததும் அந்த நிறுவனம்தான். 1995-இல் சிவப்பு, பச்சை, மஞ்சள், கறுப்பு என்று பல நிறங்களில் கேம் பாயைக் கொண்டுவந்தது. உள்ளே இருக்கும் போர்டு அப்படியே தெரியும் ஒளிபுகும் கேசிங்கும் அதில் ஒன்று. 2005-இல் வந்த கேம் பாய் மைக்ரோவில் முன்தட்டைக் கழற்றி வேறு தட்டு மாட்டலாம். 2014-இல் வந்த நியூ நிண்டெண்டோ 3டிஎஸ்ஸிலும் மேல்மூடி, கீழ்மூடி இரண்டையும் மாற்றிக்கொள்ள வழி வைத்தார்கள். ஆகவே வீட்டில் உட்கார்ந்து கேசிங் மாற்றுகிறவர்கள் புதிதாக எதையும் கண்டுபிடிக்கவில்லை. நிறுவனமே காட்டிய ஆசையைத் தங்கள் கையால் தொடர்கிறார்கள்.

இப்போது மஞ்சளுக்கு வருவோம்.

பழைய கேம் பாயின் கேசிங் ஏபிஎஸ் என்ற பிளாஸ்டிக். அக்ரிலோநைட்ரைல், பியூட்டாடையீன், ஸ்டைரீன் மூன்றும் சேர்ந்தது. அதற்கு அடி தாங்கும் குணத்தைத் தருவது பியூட்டாடையீன் என்ற ரப்பர் பகுதி. பலவீனமும் அங்கேதான் இருக்கிறது. சூரிய ஒளியின் புற ஊதாக் கதிரும் வெப்பமும் படப்பட அந்தப் பகுதி காற்றின் ஆக்சிஜனோடு சேர்ந்து மாறுகிறது, அந்த மாற்றம் கண்ணுக்கு மஞ்சளாகத் தெரிகிறது. தீப்பிடிக்காமல் இருக்க அந்தக் காலத்தில் மின்கருவிகளின் பிளாஸ்டிக்கில் புரோமின் சேர்மங்களைக் கலப்பதுண்டு. அவை இருந்தால் மஞ்சள் இன்னும் வேகமாக ஏறும். ஒரே கருவியின் முன்பக்கம் மஞ்சளாகி மூடி மட்டும் தப்புவதற்கும் விளக்கம் இருக்கிறது. ஒவ்வொரு பாகமும் வேறு வேறு வார்ப்பில், வேறு வேறு கலவையில் வந்திருக்கலாம். வெளிச்சம் பட்ட அளவும் வேறாக இருந்திருக்கும்.

இதற்கு மருந்து ஹைட்ரஜன் பெராக்சைடு. பழைய கணினி ஆர்வலர்கள் 2008 வாக்கில் இந்த முறையைப் பரப்பினார்கள். ரெட்ரோபிரைட் என்று பெயரும் வைத்தார்கள். நம் ஊரில் அதற்கு எளிய வடிவம், தலைமுடிக்குச் சாயம் கலக்கும் டெவலப்பர் கிரீம். முடி திருத்தும் கடைகளுக்குப் பொருள் விற்கும் இடங்களில் 6, 9, 12 சதவீதம் என்று கிடைக்கும். கருவியை முழுவதும் பிரித்து, கேசிங்கைத் தனியே எடுத்து, கிரீமைச் சமமாகப் பூசி, பிளாஸ்டிக் உறையால் சுற்றி வெயிலில் வைக்க வேண்டும். புற ஊதாக் கதிர் பட்டால்தான் வேலை வேகமாக நடக்கும். பூமத்திய ரேகைக்கு ஐந்து பாகைதான் தள்ளி இருக்கிறோம், நண்பகல் வெயிலுக்குக் குறைவே இல்லை. குளிர்நாட்டுக்காரர்கள் புற ஊதா விளக்கு வாங்கிச் செய்வதை நாம் மாடியிலேயே செய்துவிடலாம்.

வெயில் அதிகம் என்பதில் ஆபத்தும் உண்டு. கிரீம் ஒரு பக்கம் காய்ந்துபோனால் அந்த இடம் வெளுத்துத் திட்டுத்திட்டாக நின்றுவிடும். அந்தத் திட்டை அப்புறம் எடுப்பது பெரும்பாடு. வடகம் காயவைக்கும்போது யாராவது பக்கத்திலேயே உட்கார்ந்து திருப்பிப் போட்டுக்கொண்டிருப்பார்கள் அல்லவா, அதே கவனம் இதற்கும் வேண்டும். அரை மணிக்கு ஒருமுறை உறையின் மேலேயே கிரீமைத் தடவிப் பரப்பிவிட வேண்டும், கேசிங்கைத் திருப்பி வைக்க வேண்டும். கண்ணாடி வைத்து அடைத்த பெட்டிக்குள் வைத்தால் சூடு அடைந்து பிளாஸ்டிக் வளைய வாய்ப்பிருக்கிறது. காற்றோட்டம் இருக்கட்டும். கையுறையும் கண்ணுக்குக் காப்பும் கட்டாயம். 12 சதவீத பெராக்சைடு விரலில் பட்டால் தோல் வெளுத்து எரியும். முதுகுப்பக்கத்தில் வரிசை எண் உள்ள காகித ஒட்டியைச் சுற்றி மட்டும் பூசாமல் விட வேண்டும்.

என் கேம் பாய்க்கு இரண்டு பகல் ஆனது. முழுச் சாம்பல் திரும்பியது. ஆனால் இந்த வைத்தியம் நிரந்தரம் இல்லை என்பதையும் சொல்லிவிட வேண்டும். பெராக்சைடு மஞ்சளைப் போக்குகிறதே தவிர பிளாஸ்டிக்கை இளமையாக்குவதில்லை. சில ஆண்டுகளில் மஞ்சள் திரும்ப எட்டிப்பார்க்கலாம். இருட்டான, குளுமையான இடத்தில் வைத்தால் தள்ளிப்போகும்.

பிரிக்கும் வேலையைப் பற்றிச் சொல்லாமல் விடமுடியாது, முக்கால்வாசிச் சேதம் அங்கேதான் நடக்கிறது. வெளி ஸ்க்ரூக்களின் தலையில் மூன்று இதழ் வடிவில் பள்ளம் இருக்கும். சாதாரண நட்சத்திர முனையை வைத்து அழுத்தித் திருகினால் பள்ளம் மழுங்கிவிடும், பிறகு யாராலும் எடுக்க முடியாது. கைப்பேசி பழுதுபார்ப்பவர்களிடமும் மூவிதழ் முனை இருக்கும், ஆனால் அது மிகச் சிறியது, இதற்குப் பொருந்தாது. சரியான அளவைத் தேடி வாங்குங்கள். திறந்ததும் இரண்டு பாதியையும் வெடுக்கென்று பிரிக்கக் கூடாது. முதல் மாடலில் முன்போர்டையும் பின்போர்டையும் ஒரு பட்டைக் கேபிள் இணைக்கிறது. மெதுவாக, புத்தகத்தைத் திறப்பது போலத் திறந்து, கேபிளை நேராக இழுத்து எடுக்க வேண்டும்.

போர்டை வெளியே எடுத்தபோது அம்மா என் கையைத் தட்டிவிட்டார்.

"நடுவுல தொடாத. விளிம்பைப் பிடி."

"இதுல என்னம்மா ஆகப்போகுது?"

"உன் கை வேர்வை இருக்கே, அது உப்பு. இன்னிக்கு ஒண்ணும் ஆகாது. அடுத்த வருஷம் செம்பு பச்சையாயிடும்."

அம்மாவுக்கு இது தெரிந்ததற்குக் காரணம் உண்டு. பினாங்குத் தீவின் பாயான் லெப்பாஸ் தடையற்ற வணிக மண்டலம் 1972-இல் தொடங்கியது. சிப் தயாரிக்கும் இன்டெல் நிறுவனம் அதே ஆண்டு அங்கே வந்தது. அதன் பின் வந்த தலைமுறைகளில் தொழிற்சாலைப் பேருந்தில் ஏறி வேலைக்குப் போன பெண்கள் ஏராளம், என் அம்மாவும் அவர்களில் ஒருவர். நிலைமின்சாரம் இறங்க மணிக்கட்டில் பட்டை கட்டிக்கொண்டு, உருப்பெருக்கிக் கண்ணாடியில் பார்த்து ஈயம் வைத்த கைகள் அவை. இந்தத் தீவில் பழைய கருவியைத் திறக்கிற பிள்ளைகள், யாரிடம் கேட்பது என்று திகைக்கத் தேவையில்லை. வீட்டிலேயே, சித்தியிடமோ பக்கத்து வீட்டு அக்காவிடமோ கேட்டால் போதும். ஈயம் எப்படிப் பளபளவென்று படிய வேண்டும், எப்போது அது வெறும் ஒட்டாக நிற்கிறது என்று ஒரே பார்வையில் சொல்லிவிடுவார்கள். இந்த அறிவை நாம் போதிய அளவு மதிக்கவில்லை என்பது என் வருத்தம்.

பேட்டரி கசிந்த தடம் இருந்ததையும் அம்மாதான் கவனித்தார். சாதாரண அல்கலைன் பேட்டரியிலிருந்து கசிவது காரம். அதை அமிலம்தான் முறிக்கும். வெள்ளை வினிகரில் பஞ்சை நனைத்துத் துடைத்து, பிறகு ஐசோபுரோப்பைல் ஆல்கஹாலால் சுத்தம் செய்தால் உலோகம் மின்னும். குத்துவிளக்குக்குப் புளி போட்டுத் தேய்க்கிற வீட்டில் இதை விளக்கிச் சொல்ல வேண்டிய அவசியமே வரவில்லை.

மஞ்சள் எடுக்க முடியாத அளவுக்கு உடைந்த கேசிங் என்றால் புதியது வாங்கலாம். சீனாவில் வார்த்து வரும் மாற்றுக் கேசிங்குகள் எத்தனையோ நிறத்தில் கிடைக்கின்றன. ஒளிபுகும் ஊதா, பால்வெள்ளை, இருட்டில் ஒளிரும் பச்சை என்று கண்ணைப் பறிக்கும். பார்ப்பதற்கு எல்லாம் ஒன்று போல இருந்தாலும் வித்தியாசம் அளவில் இருக்கிறது. மூலக் கேசிங்கை நகல் எடுத்து வார்க்கும்போது இம்மி பிசகினாலும் பொத்தான் துளையில் உரசும், கார்ட்ரிட்ஜ் இறுக்கமாகப் போகும், இரண்டு பாதிக்கும் நடுவே இடைவெளி தெரியும். பொத்தானுக்கு அடியில் இருக்கும் ரப்பர் மெத்தையைப் புதிதாக வந்ததென்று மாற்ற வேண்டாம் என்பது என் எண்ணம். பழைய மெத்தை கிழியாமல் இருந்தால் சோப்புத் தண்ணீரில் கழுவி அதையே போடுங்கள். விரலுக்குத் தெரியும் அந்த அழுத்தமும் துள்ளலும் மலிவான மாற்று மெத்தையில் வருவதில்லை.

ஸ்க்ரூ மாட்டும்போது ஒரு சின்ன வித்தை இருக்கிறது. முதலில் எதிர்ப்பக்கமாகச் சுற்றுங்கள். 'டக்' என்று ஒரு சிறு இறக்கம் கையில் தெரியும். பழைய மரையில் ஸ்க்ரூ உட்கார்ந்துவிட்டது என்று அர்த்தம். அதன் பிறகு முறுக்கினால் பிளாஸ்டிக்கில் புது மரை வெட்டாது, எத்தனை முறை திறந்தாலும் பிடி தளராது. புதுக் கேசிங்கில் மரையே இருக்காது, அங்கே முதல் முறுக்கை மட்டும் மிக மெதுவாகச் செய்ய வேண்டும்.

கேம் பாய் அட்வான்ஸ் வைத்திருப்பவர்களுக்கு இன்னொரு கணக்கு உண்டு. 2001-இல் வந்த அதன் திரையில் விளக்கு கிடையாது, சன்னலோரம் உட்கார்ந்தால்தான் சரியாகத் தெரியும். ஆகவே கேசிங் மாற்றும்போதே பின்விளக்குள்ள, ஐபிஎஸ் என்ற புதுவகைத் திரையையும் போட்டுவிடுகிறார்கள். அதன் போர்டில் திரைக் கேபிளைச் செருகும் இடம் 32 முனை, 40 முனை என்று இரண்டு வகை உண்டு. திறந்து பார்த்துவிட்டுக் கேபிளை வாங்குவது நல்லது. பழைய கேசிங்கில் புதுத் திரை உட்கார உள்விளிம்பைச் செதுக்க வேண்டியிருக்கும். செதுக்கிய பிளாஸ்டிக் திரும்ப வளராது. அதற்கென்றே வார்த்த கேசிங்கை வாங்கி, பழையதைச் செதுக்காமல் எடுத்துவைப்பதுதான் சரி.

அடுத்தது பெயிண்ட். இது தனிப்பட்ட முறையில் எனக்கு மிகவும் பிடித்த பகுதி, மிகவும் தோற்ற பகுதியும் இதுதான்.

சொந்தமாக நிறம் பூச வேண்டும் என்ற ஆசையில் முதல் முறை ஓர் அக்டோபர் மாலை, அடுக்குமாடி நடைபாதையில் வைத்துக் கறுப்பு ஸ்ப்ரே அடித்தேன். மழை விட்ட நேரம். பத்தே நிமிடத்தில் கறுப்பின் மேல் சாம்பல் பூத்தது போல வெள்ளைப் புகை படிந்துவிட்டது. பெயிண்ட் மட்டம் என்று நினைத்தேன். தைப்பூசத்துக்குக் காவடி அலங்காரம் செய்து கொடுக்கும் மாமா ஒருவர் பார்த்துவிட்டுச் சிரித்தார்.

"மழை ஈரத்துல அடிச்சியா தம்பி? காலையில பத்து மணிக்கு மேல, காத்து காஞ்ச பிறகு அடிக்கணும்."

காரணம் இதுதான். ஸ்ப்ரேயில் இருக்கும் கரைப்பான் ஆவியாகும்போது பூசிய இடத்தின் சூட்டை எடுத்துக்கொண்டு போகிறது. மேற்பரப்பு சட்டென்று குளிர்கிறது. காற்றில் ஈரம் நிறைந்திருந்தால் அந்தக் குளிர்ந்த பரப்பில் நீர் படிந்து, காயாத பெயிண்டுக்குள் மாட்டிக்கொள்கிறது. அதுதான் வெள்ளைப் புகை. பினாங்கில் செப்டம்பரிலிருந்து நவம்பர் வரை மழை அதிகம், அந்த மாதங்களில் நான் ஸ்ப்ரேயைத் தொடுவதே இல்லை.

அந்த மாமாவிடம் இன்னொன்றும் கற்றேன். காவடிக்கு வெள்ளை நுரைப் பலகையைச் செதுக்கி வண்ணம் அடிப்பார்கள். தவறான ஸ்ப்ரேயை அடித்தால் நுரை அப்படியே உருகிக் குழியாகிவிடும். அதனால் எந்தப் புது டப்பாவையும் முதலில் ஒரு துண்டில் அடித்துப் பார்க்காமல் அவர் காவடியின் பக்கம் கொண்டுபோவதில்லை. ஏபிஎஸ்ஸுக்கும் அதே எச்சரிக்கை பொருந்தும். அசிட்டோன் அதைக் கரைத்துவிடும், வீரியமான தின்னரும் பதம் பார்த்துவிடும். பேட்டரி மூடியின் உள்பக்கத்தில் ஒரு புள்ளி அடித்து, காயவிட்டுப் பார்த்த பிறகு தொடருங்கள்.

பூசும் முறை எல்லோருக்கும் தெரிந்ததுதான்: தண்ணீர் தொட்டு 400, பிறகு 800 எண் உப்புத்தாளால் தேய்ப்பது, பிளாஸ்டிக்குக்கான பிரைமர் என்ற அடிப்பூச்சு, அதன் மேல் நிறம், கடைசியில் காப்புப் பூச்சு. கெடுவது அவசரத்தால்தான். ஒரே கனத்த பூச்சுக்குப் பதில் நான்கைந்து மெல்லிய பூச்சு. பொத்தான் துளையின் விளிம்பிலும், இரண்டு பாதி சேரும் விளிம்பிலும் பெயிண்ட் சேராமல் மறைக்கும் டேப் ஒட்டிவிட வேண்டும், இல்லையென்றால் பொத்தான் சிக்கும். பிறகு காத்திருப்பது. தொட்டால் ஒட்டவில்லை என்பதால் காய்ந்துவிட்டது என்று பொருளில்லை. கையின் சூட்டிலும் வேர்வையிலும் மணிக்கணக்காக இருக்கப்போகிற பொருள் இது. ஒரு வாரமாவது விட்டுவிட்டுப் பூட்டுகிறேன். இரண்டு திரவம் கலந்து அடிக்கும் காப்புப் பூச்சு மிக உறுதியானது, ஆனால் அதில் ஐசோசயனேட் இருக்கிறது, நுரையீரலுக்குக் கேடு. சாதாரண முகக்கவசம் அதைத் தடுக்காது. குழந்தைகள் நடமாடும் அடுக்குமாடி நடைபாதையில் அதை அடிக்கவே கூடாது.

பிற்காலக் கருவிகளுக்கு ஒரு வார்த்தை. கேம் பாய் அட்வான்ஸ் எஸ்பி, 3டிஎஸ், 2017-இல் வந்த நிண்டெண்டோ ஸ்விட்ச் எல்லாவற்றிலும் லித்தியம் அயன் பேட்டரி இருக்கிறது. திறந்ததும் முதல் வேலையாக அதன் இணைப்பைக் கழற்றுங்கள், கூர்மையான எதையும் அதன் பக்கம் கொண்டுபோகாதீர்கள். நான்கு சாதாரண பேட்டரியில் ஓடும் பழைய கேம் பாய் கற்றுக்கொள்ள ஏற்றது என்று நான் சொல்வது இதனால்தான்.

கடைசியாக, விற்பனை. இணையத்தில் ஒருமுறை மூலக் கேசிங் என்று நம்பி ஒரு கேம் பாய் கலர் வாங்கினேன். வந்து சேர்ந்ததும் பின்புறம் திருப்பினேன். மூவிதழ் ஸ்க்ரூவுக்குப் பதில் நட்சத்திரத் தலை, வரிசை எண் ஒட்டியில் எழுத்து மங்கல். மாற்றுக் கேசிங் என்று சொல்லியிருந்தால் அதற்குரிய விலைக்கு மகிழ்ச்சியோடு வாங்கியிருப்பேன். நாம் மாற்றியதை நாம் விற்கும்போது சொல்லிவிட வேண்டும், என்ன மாற்றினோம், எது பழையது என்று எழுதியே கொடுக்க வேண்டும். நிறுவனத்தின் பெயர் அச்சிட்ட நகல் கேசிங்கைப் போட்டு அசல் என்று விற்பது வணிகச் சின்னத்தைத் திருடுவது.

கழற்றிய பழைய கேசிங்கை நான் எறிவதில்லை. ஒவ்வொன்றையும் அதன் ஸ்க்ரூக்களோடு ஒரு பையில் போட்டு, எந்தக் கருவியினுடையது என்று எழுதி, அம்மாவின் பழைய பிஸ்கட் டின்னில் வைத்திருக்கிறேன். அலமாரியின் கீழ்த்தட்டு, வெளிச்சம் படாத இடம். போன மாதம் அம்மா அந்த டின்னைத் திறந்து ஒரு பையைக் கையில் எடுத்துப் பார்த்துக்கொண்டிருந்தார். "இந்தச் செவப்பு ரொம்ப நல்லா இருக்கே, இதுக்கு உள்ளே இருந்தது எங்க?" என்று கேட்டார். உள்ளே இருந்தது இப்போது ஒளிபுகும் ஊதாவில், என் அக்கா மகள் கையில் இருக்கிறது. அவளுக்கு ஊதா அலுத்துவிட்டால், பழைய சிவப்புக்குத் திரும்ப அரை மணி நேரம் போதும்.